மாற்றுத்திறனாளி ஊழியரின் வண்டிக்கு வாசலருகே ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடங்களில் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் வண்டிகளுக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இரண்டு வயதில் தாக்கிய இளம்பிள்ளைவாதத்தால் (போலியோவால்) என் இடது கால் முழுமையாகவும் வலது கால் ஓரளவும் பாதிக்கப்பட்டுள்ளன. காலில் காலிபரும் (காலைத் தாங்கும் சட்டம்) கையில் ஊன்றுகோலுமாகத்தான் நடக்கிறேன். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு உள்ள பதினொரு கிலோமீட்டரையும் பின்புறம் இருபக்கமும் கூடுதல் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் கடக்கிறேன். நாங்கள் அதைச் ‘சைடு வீல் வண்டி’ என்போம். அரசு ஆணைகளில் அதற்கு ‘இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்று பெயர்.

இந்த வண்டி எங்களுக்குச் சொகுசுப் பொருள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது மனமார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் பேருந்தில் ஏற முடிந்தாலும், வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும், இறங்கிய நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரைக்கும் உடைந்த நடைபாதையில் யார் என்னைக் கொண்டு சேர்ப்பது? ஆட்டோவுக்கு நாள்தோறும் கொடுக்கும் தொகை என் சம்பளத்தில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். ஆகவே சொந்த வண்டிதான் என்னை வேலைக்குப் போகும் பெண்ணாக வைத்திருக்கிறது. அந்த வண்டியை அலுவலகத்தில் நிறுத்த இடம் கிடைக்காவிட்டால், பதினொரு கிலோமீட்டர் கடந்து வந்தவள் கடைசி நூறு மீட்டரில் தோற்றுப்போகிறேன்.

கட்டட விதிகளில் எங்களுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொதுக் கட்டடங்களில் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டர் தொலைவுக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கென்று இரண்டு கார்கள் நிற்கும் இடம் விடப்பட வேண்டும், அந்த இடம் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக நம் கட்டட விதித் தொகுப்புகளில் இருந்துவரும் அளவு. காரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவதற்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும் என்ற கணக்கில் வகுக்கப்பட்ட அளவு அது. கணக்கு சரிதான். ஆனால் இந்த ஊரில் வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகளில் கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? எழுத்தராக, தட்டச்சராக, கணினி இயக்குநராக, தையல் கூடத் தொழிலாளியாக இருக்கும் எங்களைப் போன்றோர் பெரும்பாலும் சைடு வீல் வண்டியில்தான் வருகிறோம். காருக்காக எழுதிய விதிக்கும் சாதாரண இருசக்கர வண்டிகளுக்காக ஒதுக்கிய வரிசைக்கும் நடுவில் எங்கள் வண்டி சிக்கிக்கொள்கிறது. நீலப் பின்னணியில் சக்கர நாற்காலி வரைந்த இடத்தில் நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், “மேடம், இது கார் பார்க்கிங், டூவீலர் எல்லாம் அந்தப் பக்கம்” என்று காவலர் கை காட்டுகிறார். அந்தப் பக்கம் போனால், “உங்க வண்டி ரெண்டு வண்டி இடத்த அடைக்குது, வேற எங்கயாவது போடுங்க” என்று அங்கிருப்பவர் சொல்கிறார். இருவரும் தத்தம் வேலையைத்தான் செய்கிறார்கள். குறை அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவில் இருக்கிறது.

இரண்டு கால்களும் நலமாக உள்ளவர் தம் ஸ்கூட்டரை எப்படி நிறுத்தி எடுக்கிறார் என்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வரிசையில் முகப்பை நுழைத்து நிறுத்துகிறார். மாலையில் பக்கத்து வண்டியைச் சற்றே சாய்த்து நகர்த்திவிட்டு, இருக்கையில் அமர்ந்தபடியே இரு கால்களாலும் தரையை உந்திப் பின்னுக்கு வந்து, திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். நெரிசலான இடங்களில் ஹேண்டில் பூட்டுப் போடவே விடமாட்டார்கள். காவலரே வண்டிகளைத் தூக்கி நெருக்கி அடுக்குவார். என் வண்டியைச் சாய்க்கவும் முடியாது, தூக்கி அடுக்கவும் முடியாது. நாடாவை வைத்து அளந்தேன்: சக்கரங்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 112 சென்டிமீட்டர். பின்னோக்கிச் செல்லும் கியர் என் வண்டியில் இல்லை. காலால் உந்திப் பின்னால் எடுக்கவோ இறங்கித் தள்ளவோ என்னால் இயலாது. எனவே முன்பக்கமாக நுழைந்து முன்பக்கமாகவே வெளியேறும்படி இருமுனையும் திறந்த இடம்தான் எனக்குப் பயன்படும். எனக்குப் பின்னால் யாராவது ஒரு பைக்கை நிறுத்திவிட்டுப் போனால், அவர் வேலை முடித்து வரும்வரை நான் சிறைப்பட்டவள்தான்.

இறங்குவதும் ஏறுவதும் இதைவிட நுணுக்கமானவை. காலிபரின் முட்டியில் ஒரு பூட்டு இருக்கும். உட்காரும்போது அதை மேலே தூக்கிவிட்டால்தான் கால் மடங்கும். இறங்கும்போது காலை நேராக நீட்டி, அந்தப் பூட்டு ‘டக்’ என்று விழும் ஓசை காதில் கேட்ட பிறகே என் எடையை அதன்மேல் வைக்க முடியும். தரை சரிவாக இருந்தால் பூட்டு பாதியில் நிற்கும், அப்போது எடையை வைத்தால் முட்டி மடங்கி விழுவேன். ஆகவே சமதளமும், வண்டியின் இடப்பக்கம் ஊன்றுகோலோடு நிற்க ஏறத்தாழ ஒரு மீட்டர் வெறும் இடமும் வேண்டும். இந்த அளவுகள் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. என்னைக் கேட்டால்தான் தெரியும். பணியிடத்தில் இடம் ஒதுக்குவோர் முதலில் செய்ய வேண்டியது அந்த ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகம் ஐந்து தளக் கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறது. முகப்பில் சக்கர நாற்காலிக் குறி இட்ட இரண்டு இடங்கள் உண்டு. 2022 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு காலை நேரத்தில், அவற்றில் ஒன்றில் விருந்தினர் ஒருவரின் கார் நின்றது. மற்றொன்றில் ஜெனரேட்டருக்கான டீசல் பீப்பாய்களும் பூந்தொட்டிகளும் இருந்தன. “பத்து நிமிஷத்துல எடுத்துருவாங்க மேடம்” என்று காவலர் சொன்னதை நம்பி மழையில் வண்டிமேலேயே காத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் தாமதமானால் அரைநாள் விடுப்பைக் கழித்துவிடுவார்கள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை இதே காரணத்தால் தாமதமாகியிருந்தது. வேறு வழியின்றிப் பேஸ்மென்ட்டுக்குள் வண்டியை இறக்கினேன். அங்கே லிஃப்ட் வருவதில்லை. தரைத்தளத்துக்குப் பதினேழு படிகள். சரிவில் ஓடிவந்த மழைநீர் எண்ணெய்ப் பிசுக்கோடு படிக்கட்டின் அடியில் தேங்கியிருந்தது. நான்காவது படியில் ஊன்றுகோலின் ரப்பர் புஷ் வழுக்கியது.

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குக் கை முறிந்தால் கைவேலை மட்டும்தான் நிற்கும். ஊன்றுகோல் பிடிக்கும் கை முறிந்தால் நடையும் சேர்ந்து போய்விடுகிறது. ஆறு வாரங்கள் கழிவறைக்குப் போகவும் என் தாயார் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவருக்கு வயது எழுபத்து மூன்று.

பணிக்குத் திரும்பியதும் நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்தேன். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாரும் கனிவாகத்தான் பேசினார்கள். ஆனால் ஐந்து மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. அந்த ஐந்து மாதங்களில் எனக்குச் சொல்லப்பட்ட பதில்களை இங்கே குறிப்பிடுகிறேன், ஏனெனில் வேறு நிறுவனங்களில் உள்ள என் போன்றோரிடம் விசாரித்தபோது அவர்களும் ஏறக்குறைய இவற்றையே கேட்டிருக்கிறார்கள்.

“இத்தனை வருடம் நடந்து வந்தீர்களே, இப்போது மட்டும் ஏன்?” என்பது முதல் கேள்வி. கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அறியாமையால்தான் கேட்டார். இளம்பிள்ளைவாதம் தாக்கியவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, நலமாக இருந்த தசைகளும் தளர்வது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. இருபது முப்பது ஆண்டுகள் உடலின் பாரத்தையெல்லாம் ஊன்றுகோல் வழியாகத் தாங்கிய தோள்மூட்டும் தேய்ந்துபோகிறது. இந்தியா உள்ளிட்ட, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாத பகுதியென்று 2014 மார்ச் 27 அன்று சான்று பெற்றது பெருமைக்குரியது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்ட தலைமுறை இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறது, இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் பணியில் இருக்கப்போகிறது. இருபத்தைந்து வயதில் என்னால் நடக்க முடிந்த நூறு மீட்டர் நாற்பத்தாறு வயதில் முடியவில்லை என்பதில் வியப்பு ஏதுமில்லை.

“சாவியைக் காவலரிடம் கொடுத்துவிடுங்கள், அவரே நிறுத்திவிட்டு மாலையில் எடுத்து வந்து தருவார்” என்றது இரண்டாவது யோசனை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் முயன்றும் பார்த்தேன். சைடு வீல் வண்டி வளைவில் சாயாது, சாதாரண வண்டிபோல் உடம்பைச் சாய்த்துத் திருப்பினால் பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். பழக்கமில்லாத ஓர் இளைஞர் அப்படித் திருப்பிச் சுவரில் மோதினார். அவருக்குக் காயமில்லாமல் போனது என் அதிர்ஷ்டம். காவலர்களும் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுகிறார்கள், ஏஜென்சி மாறினால் எல்லாருமே மாறிவிடுகிறார்கள். மாலையில் காவலர் வேறு வேலையாகப் போயிருந்தால் என் சாவி அவர் சட்டைப்பையில், நான் வாசலில்.

“வீட்டிலிருந்தே வேலை பாருங்களேன்” என்பது மூன்றாவது. கொரோனா காலத்தில் எல்லாரும் செய்ததுதானே என்றார்கள். விரும்பிக் கேட்கும் ஊழியருக்கு அது நல்ல ஏற்பாடு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டி நிறுத்த இடம் தருவதற்குப் பதிலாக ஒருவரை வீட்டிலேயே இருக்கச் சொல்வது அவரை அலுவலகத்தின் கண்ணிலிருந்து அகற்றுவதாகும். பதவி உயர்வுக் கூட்டங்களில் யார் பெயர் நினைவுக்கு வருகிறது என்பது பணியில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாகச் சொல்லப்பட்டது, “உங்களுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே” என்பது. எங்கள் அலுவலகத்தில் நூற்றிருபது பேர் இருக்கிறோம்; அவர்களில் யாரும் அதுவரை கேட்கவில்லை, கொடுத்த பின்னும் கேட்கவில்லை. சக ஊழியர்கள் நம் நிர்வாகங்கள் நினைப்பதைவிடப் பெருந்தன்மையானவர்கள் என்பதே என் அனுபவம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுத வேண்டும், ஏனெனில் இதைக் கருணை அடிப்படையில் கேட்கும் பழக்கம் எங்களிடமே ஊறிப்போயிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமைகளைத் துய்ப்பதற்காக, மிகையான சுமையாகிவிடாத வகையில் செய்து தரப்படும் தேவையான, பொருத்தமான மாற்றங்களை அது ‘நியாயமான ஏற்பாடு’ என்ற கருத்தாக வரையறுக்கிறது. ஒவ்வோர் அரசு நிறுவனமும் தன் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு நியாயமான ஏற்பாடுகளையும் தடைகளற்ற, பணிக்கு உகந்த சூழலையும் அளிக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைச் சுட்டிக்காட்டித் தப்பிக்க நினைக்கும் தனியார் நிறுவனங்கள் அடுத்த பிரிவையும் படிக்க வேண்டும். 21ஆம் பிரிவின்படி எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதன் படியை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனமாயின், மாற்றுத்திறனாளிகள் தம் பணியைச் செவ்வனே செய்வதற்கான வசதிகளும் தடையற்ற அணுகலும் அந்தக் கொள்கையில் இடம்பெற வேண்டும் என்று இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு விதிகள் விளக்குகின்றன. வண்டி நிறுத்துமிடம் இதில் வராது என்று எந்த நிர்வாகமாவது சொல்லுமானால், வாசலைத் தாண்டி உள்ளே வர முடியாதவர் எந்தப் பணியைச் செவ்வனே செய்வார் என்று கேட்க விரும்புகிறேன்.

நீதிமன்றங்களும் தெளிவாகவே பேசியிருக்கின்றன. தேர்வில் தமக்காக விடைகளை எழுதித் தர உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நியாயமான ஏற்பாடு என்பது ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ப அமைய வேண்டிய ஒன்று என்று விளக்கியது. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில், அணுகல்தன்மை தொடர்பான தர அளவுகளை வெறும் வழிகாட்டுதல்களாக விட்டுவைத்திருந்த, அந்த 2017 விதிகளின் 15ஆம் விதி மூலச் சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய அளவுகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அப்படிக் கட்டாய அளவுகள் வகுக்கப்படும்போது காருக்கான அளவோடு சைடு வீல் வண்டிக்கான அளவும் சேர்க்கப்பட வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் தலையாய கோரிக்கை. என் கணக்கில், இரண்டேகால் மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் நீளமும் கொண்ட, கூரையுள்ள, சமதளமான, முன்னும் பின்னும் திறந்த இடம் போதும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பாதிகூட ஆகாது.

எங்கள் வண்டியைப் பார்க்கும் விதத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில்கூட மாற்றம் வந்துவிட்டது. முன்பு எங்கள் வண்டிகளைச் சட்டம் ‘இன்வாலிட் கேரியேஜ்’ என்று அழைத்தது. என் முதல் வண்டியின் பதிவுச் சான்றில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சுருங்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி, ‘தகவமைக்கப்பட்ட வாகனம்’ என்ற பொருள்படும் சொல்லைக் கொண்டுவந்தது. சாலைக்கான சட்டம் இந்த வண்டியை அடையாளம் கண்டுகொண்டது. வாசலுக்கான விதிகள் இன்னும் காணவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்ற நிர்வாக அலுவலர் ஒருவர், என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, மறுநாள் காலை பேஸ்மென்ட்டில் என் வண்டியருகே வந்து நின்றார். “நீங்க நடங்க மேடம், நான் கூட வரேன்” என்றார். வண்டியிலிருந்து இறங்கியது முதல் என் நாற்காலியில் அமரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்; பதினான்கு நிமிடங்கள் ஆயின. இடையில் இரண்டு முறை சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் அதன்பிறகு என்னிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. அன்று மதியமே நாடாவுடன் முகப்புக்கு வந்து, எனக்கு எவ்வளவு இடம் வேண்டும், எந்தப் பக்கம் இறங்குவேன், மழை எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று கேட்டு அளந்தார். போர்ட்டிகோவின் ஓரமாக, லிஃப்டிலிருந்து இருபத்திரண்டு அடியில் மஞ்சள் வண்ணம் பூசி இடம் குறிக்கப்பட்டது. ஒரு டப்பா வண்ணமும், அறிவிப்புப் பலகையும், இரண்டு ரப்பர் கம்பங்களும்தான் செலவு.

இடத்தைக் குறித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. முதல் மாதத்திலேயே கூரியர் வண்டிகளும் சாப்பாட்டு டெலிவரி வண்டிகளும் அங்கே நிற்கத் தொடங்கின. “ரெண்டே நிமிஷம்தான்” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். எனக்கு முன் யார் வந்தாலும் நிறுத்தலாம் என்றால் அது ஒதுக்கிய இடமே இல்லை. நான் விடுப்பில் இருக்கும் நாளிலும் அது காலியாகவே இருக்கட்டும் என்று அந்த அலுவலர் எழுத்தில் உத்தரவிட்டார், காவலர் ஏஜென்சி மாறினாலும் அந்த உத்தரவு பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. விடுப்பு நாளில் வேறொருவர் நிறுத்தினால் என்ன கெடுதல் என்று சிலர் நினைக்கலாம். ஒருநாள் நிறுத்தியவர் மறுநாளும் அங்கேதான் வருவார், பிறகு ஒவ்வொரு காலையும் அவரோடு நான் வாதாட வேண்டியிருக்கும். வாதாடுவதும் உடல் உழைப்புதான்.

அறிவிப்புப் பலகையில் என் பெயரை எழுத வேண்டாம், வண்டி எண்ணை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என் குறைபாடு வெளிப்படையானது. எனினும் அதை வாசலில் பெயரோடு எழுதிவைக்க நான் விரும்பவில்லை. வெளியே தெரியாத பாதிப்புள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016 சட்டத்தில் இருபத்தொன்றாக விரிந்தன. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், தசைச்சிதைவு நோய் ஆகியவையும் அவற்றில் அடங்கும். பார்த்தால் திடமாகத் தெரியும் ஓர் இளைஞர் மூட்டுக்குள் இரத்தம் கசிந்த வலியோடு வந்திருக்கலாம். “உங்களுக்கு என்ன, நல்லாத்தானே நடக்குறீங்க” என்று வாசலில் நிற்பவர் கேட்கும் நிலைக்கு அவரை ஆளாக்கக் கூடாது. அடையாள அட்டையை மனிதவளப் பிரிவு ஒருமுறை பார்த்து ஒரு வில்லை கொடுத்தால் போதும். காவலருக்குத் தெரிய வேண்டியது வில்லை மட்டுமே. கால் முறிந்து கட்டுப் போட்டிருப்பவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும்கூட வாசலருகே இடம் தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அதை மேலாளர்களுக்கு ஒதுக்கிய இடங்களிலிருந்து எடுத்துத் தரட்டும்.

வாடகைக் கட்டடங்களில் இயங்கும் நிறுவனங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அலைந்த ஐந்து மாதங்களில் பாதி, நிறுவனம் கட்டட உரிமையாளரைக் கைகாட்டியதிலும், உரிமையாளரின் பராமரிப்பு மேலாளர் நிறுவனத்தைக் கைகாட்டியதிலுமே கழிந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியோ பணிநிறைவுச் சான்றோ தரக்கூடாது என்கிறது. சான்று வாங்கும் நாளில் சக்கர நாற்காலிக் குறி பளிச்சென்று இருக்கிறது. அடுத்த ஆண்டு அதன்மேல் பூந்தொட்டி வந்துவிடுகிறது. மாநகராட்சியும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் சான்று கொடுத்த பின்னும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த இடங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் தம் பங்குக்கு, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மாற்றுத்திறனாளி ஊழியருக்கான நிறுத்துமிடத்தை ஒரு நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளலாம். குளிர்சாதன வசதிக்கும் ஜெனரேட்டருக்கும் தவறாமல் எழுதிக்கொள்கிறோமே!

தமிழ்நாடு அரசுக்கு ஒரு வேண்டுகோள். கால்கள் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கும், சுயதொழில் செய்வோருக்கும், தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை அரசு விலையின்றி வழங்கிவருகிறது. அரசு ஊழியர்களுக்கு மாதந்தோறும் ஊர்திப்படியும் தருகிறது. இவை எத்தனை குடும்பங்களில் அடுப்பெரியச் செய்கின்றன என்பதை நான் நேரில் கண்டவள், அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த வண்டியை வழங்கும்போதே, பயனாளி பணிபுரியும் நிறுவனத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போகலாம்: இன்னாருக்கு வண்டி வழங்கப்பட்டுள்ளது, அதை நிறுத்த வாசலருகே இன்ன அளவில் இடம் ஒதுக்கி ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கவும் என்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஐந்து லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடமளிக்கிறது. பெரும்பாலான இடங்களில் அபராதம்வரை போகத் தேவையிருக்காது. அரசு முத்திரையிட்ட கடிதம் ஒன்று மேசைக்கு வந்தாலே போதும். ஊழியர் தனியாக விண்ணப்பம் எழுதி ஐந்து மாதம் காத்திருக்கும் அவலம் தீரும்.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே உள்ள வேறொரு நிறுவனத்தில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் எட்டு மாதங்களாகப் பணிபுரிகிறார். அரசு கொடுத்த வண்டிதான் அவருடையது. அவர் அலுவலகத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டதால், சாலையின் இந்தப் பக்கம் உள்ள தேநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்துகிறார். பிறகு இரண்டு ஊன்றுகோல்களையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, மற்றொரு கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் காட்டி, இடைவெளி கிடைத்ததும் ஊன்றுகோல்களை ஊன்றிக்கொண்டு சாலையைக் கடக்கிறார். புதிய வேலை, தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை, அதனால் கேட்கத் தயங்குகிறார். சென்ற வாரம் என் விண்ணப்பத்தின் நகலை அவருக்குக் கொடுத்தேன். அளவுகளை மட்டும் அவர் வண்டிக்கு ஏற்ப மாற்றி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை நாடாவோடு போகிறேன். இக்கடிதம் தங்கள் நாளிதழில் வெளிவந்தால், அதன் நகலையும் அவர் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
சென்னை.

(என் பணியிடத்தைக் கருதி, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)